சாமைக் கணக்கில் படித்த கணினி

கணினி படிக்க நல்ல இணைய இணைப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், டவுனில் ஒரு பயிற்சி மையம் வேண்டும் என்பார்கள். சித்தேரி மலையில் எனக்கு இவை எதுவும் வாய்க்கவில்லை. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. அம்மாவின் மகளிர் குழுவுக்கு ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அந்த இரண்டும்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப் அது. விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ஆவணம் தட்டவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள் உள்ளேயே இருக்கும். உரிமத்துக்குக் காசு இல்லை, இணையமும் வேண்டாம். போன் சிக்னலுக்கே மேடு தேடிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குழு நோட்டில் யார் எத்தனை மூட்டை சாமை போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்று இருக்கும். எங்கள் மலை ஊர்களான கலசப்பாடியிலும் அரசநத்தத்திலும் ஒரே பெயரில் ஆட்கள் உண்டு. அதனால் பெயருக்கு ஒரு பத்தி, ஊருக்கு ஒரு பத்தி என்று லேப்டாப்பில் இருந்த கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் பிரித்தேன். ஒரு வரிசையில் எழுதிய சூத்திரத்தைக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு வந்தது. பாக்கி இருந்தால் மட்டும் குறித்துக் காட்ட ‘இஃப்’ போட்டேன். பின்னாளில் பைத்தான் நிரல்மொழியில் ‘ஃபார்’, ‘இஃப்’ இரண்டையும் பார்த்தபோது எதுவும் புதிதாகத் தெரியவில்லை. விரிதாளே நிரலாக்கத்தின் முதல் வகுப்பு என்பது என் உறுதியான கருத்து.

நான் விரிதாளில் போடுவதற்கு முன்பு குழுவின் பெயர்ப் பட்டியலை டவுனில் ஒரு கடையில் தட்டித் தந்திருந்தார்கள். வேறு கணினியில் திறந்தால் பெயர்களெல்லாம் ஆங்கிலக் குறிகளாகச் சிதறிக் கிடந்தன. பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும், அவ்வளவே. அதில் தமிழில் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. அதனால் பெயர்களை ஒருங்குறியில் (யூனிகோட்) முதலிலிருந்து தட்டினேன். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகை கைகொடுத்தது. இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலான மெய். ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். மலையில் யாருக்காவது ஒன்றே ஒன்று சொல்லித்தர வாய்த்தால் இந்த விசைப்பலகையைத்தான் சொல்லித்தருவேன்.

பைத்தானில் ‘சித்தேரி’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நாம் எண்ணுவது நான்கு எழுத்து. அது எட்டு என்று சொல்லும். கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். கணினி தமிழை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது அந்த ஒரு விடையில் எனக்கு விளங்கியது.

இப்போது பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸ் இருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. மலைப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: கற்பனை மதிப்பெண் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் வீட்டுச் சாமைக் கணக்கை, புளிக் கணக்கை, நூறு நாள் வேலைக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழிலேயே தட்டச் சொல்லுங்கள்.