ஓர் இடைவெளி தந்த பாடம்

ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பைச் சிஸ்டர் எங்களிடம் ஒப்படைத்தார்கள். தோழி ஒருத்தி பைத்தான் மொழியில் நிரல் எழுதித் தந்தாள். கட்டளை வரியில் நிரலின் பெயரையும், அடுத்து மதிப்பெண் கோப்பின் பெயரையும் தட்டினால் போதும். ‘எட்டு’ என்ற கோப்புக்குப் பட்டியல் உடனே வந்தது. ‘ஒன்பதாம் வகுப்பு’ என்ற கோப்புக்கோ, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி! கோப்போ எங்கள் கண்ணெதிரே இருந்தது. மும்முறை தட்டியும் பலனில்லை. “உன் நிரல்தான் சரியில்லை” என்று தோழியைக் கடிந்துகொண்டோம். அவள் கண்கள் கலங்கின.

சிஸ்டர் வந்து, “நீங்கள் சொன்னது அதன் காதில் எப்படி விழுந்தது என்று முதலில் பாருங்கள்” என்றார்கள். கட்டளை வரியில் தரும் சொற்களைப் பைத்தான் ‘சிஸ்.ஆர்க்வி’ என்னும் பட்டியலில் வைக்கிறது. அதை அச்சிடும் வரி ஒன்றை நிரலின் தொடக்கத்தில் சேர்த்தோம். 0-ஆம் இடத்தில் நிரலின் பெயர், 1-இல் ‘ஒன்பதாம்’, 2-இல் ‘வகுப்பு’! இடைவெளி கண்ட இடத்தில் பெயர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாவம், நிரல் ‘ஒன்பதாம்’ என்ற கோப்பைத் தேடியிருக்கிறது. பிழைச் செய்தியிலும் பாதிப் பெயரே இருந்ததை அப்போதுதான் கவனித்தோம். பெயரின் இருபுறமும் இரட்டை மேற்கோள் குறி இட்டோம். பட்டியல் வந்தது.

பிழை நிரலில் இல்லை. நாங்கள் சொன்ன முறையில் இருந்தது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம், அவளும் சிரித்துவிட்டாள். பிறரைக் குறை கூறுமுன் நம் சொல்லை நாமே ஒருமுறை ஆராய்வது நன்றன்றோ!