இனிஷியல் இல்லாத கையெழுத்து

பெங்களூருவில் உள்ள இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கார்ட்டூனிஸ்ட்ஸ் அமைப்பு, மாயா காமத் நினைவாக ஆண்டுதோறும் அரசியல் கார்ட்டூன் போட்டி நடத்துகிறது. 2001-ல் ஐம்பது வயதில் காலமான மாயா, ஆண்களே நிறைந்திருந்த இந்தத் துறையில் பெயர் வாங்கியவர். இந்தப் போட்டியில் தொழில்முறைக்காரர்களுக்குத் தவிர, வளரும் கார்ட்டூனிஸ்டுகளுக்கும் பரிசு உண்டு. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான்.

நம் ஊரில் ஓவியப் போட்டி என்றால் தலைப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம். பிள்ளைகளும் பூமி உருண்டை மேல் ஒரு செடியை வரைந்து பரிசு வாங்கி வருவார்கள். தப்பில்லை. ஆனால் அது சுவரொட்டி. கார்ட்டூன் என்றால் யாராவது ஒருவர் நாற்காலியில் கொஞ்சம் நெளிய வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது தோமியே மூலமாகத் தெரிந்தது. லூயி பிலிப் மன்னரை, ஏழைகளின் காசை விழுங்கும் பூதமாக வரைந்ததற்காக 1832-ல் சிறைக்குப் போன மனிதர். பாரதியின் 'இந்தியா' பத்திரிகை 1908-ல் அதே புதுச்சேரிக்கு இடம் மாறி, அங்கிருந்து கருத்துப்படங்களோடு வந்த கதையை, திருச்சிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1987-ல் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது நம் சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பவே, சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். 2017-ல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார்.

ஆகவே என் மகன் பயப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். அவனும் அரசாங்க உத்தியோகம். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, பெங்களூருப் போட்டிக்கு ஒரு படம் போட்டிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. மேலே ஒரு பலகை: 'மாற்றுத்திறனாளிகள் குறைகேட்பு - இரண்டாம் மாடி'. அவ்வளவுதான் படம். மதன் பிறந்த ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எந்த ஆபீஸும்மா இது?"

"பேரே போடலையேப்பா."

"அதுதான் பயமே. எல்லா ஆபீசும் தன்னைத்தான்னு நினைக்கும்."

ஓரத்தில் ஒரு சாய்தளம் வரைந்துவிடேன் என்று கெஞ்சிப் பார்த்தான். "வரைஞ்சிட்டா அப்புறம் படத்துல என்னப்பா இருக்கு?" என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேலை பார்த்த ஆபீசும் மாடியில்தான். மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி மனுவோடு ஏறி வந்தவர்களைத் தினமும் பார்த்தவன் நான். ஏற முடியாமல் கீழிருந்தே திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எங்களிடம் ரிஜிஸ்டர் கிடையாது.

"அனுப்பட்டும்டா," என்றேன்.

மகன் மறு பேச்சுப் பேசவில்லை. மறுநாள் பட்டர்வொர்த் ரோடு வழியாக வாக்கிங் போய்விட்டு வந்தபோது படம் உறைக்குள் தயாராக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சாய்தளம் இல்லை. கீழே கையெழுத்தில் மட்டும் இனிஷியலை விட்டிருந்தாள்.