எதுவரை விலகலாம்?

மருந்து ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கும்போது விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. டாக்டர் நோயைப் பார்ப்பார், நர்ஸ் ரத்தம் எடுப்பார். பக்கம் பக்கமாக இருக்கும் தகவல் தாளை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சம்மதித்தால் கையெழுத்து வாங்குவேன். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் இந்த வேலைக்கு முதல் இடைஞ்சல், நம்பிக்கை. ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் மண் இது. டாக்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எங்க கையெழுத்து போடணும்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அதனால் 'வேண்டாம்' என்று சொல்வதை அவருக்குச் சுலபமாக்கிக் கொடுப்பது இந்தத் தொழிலில் பாதி. சேராவிட்டாலும் வைத்தியம் அப்படியே நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். முடிந்ததும், "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்பேன். புரிந்ததும் புரியாததும் அங்கே தெரிந்துவிடும். ஆம்பூரில் வீட்டில் உருது பேசும் பெண்கள் தமிழில் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, உண்மையான சந்தேகத்தைப் பக்கத்திலிருக்கும் அக்காவிடம் உருதுவில் கேட்பார்கள். உருது தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் அங்கே வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கடைசிவரை உடனிருக்க வேண்டும் என்கின்றன 2019-ம் ஆண்டின் மருத்துவப் பரிசோதனை விதிகள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பிலும் குரோமிலும் வருஷக்கணக்கில் புழங்கிய கையை மையில் தோய்த்து அழுத்தினால், ரேகையே இல்லாத நீலத் திட்டுதான் தாளில் விழும். ரேஷன் கடை மெஷின்கூட அந்த விரலை ஏற்பதில்லை. ஃபைலில் அதற்குப் பெயர் கைரேகை. அவர் புரிந்துகொண்டுதான் வைத்தாரா என்பதை அந்தத் திட்டு சொல்லாது. பக்கத்தில் இருந்த சாட்சிதான் சொல்ல வேண்டும்.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி தீர்மானிப்பதை விளக்க, எல்லோரும் சீட்டுக் குலுக்கலைச் சொல்வோம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. சீட்டு விழுந்தவர் அதிர்ஷ்டசாலி. ஆய்விலோ எது நல்லது என்று தெரியாததால்தான் குலுக்குகிறோம். ரோட்டாவைரஸ் தடுப்பூசியான ரோட்டாவேக்கை டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத போலிச் சொட்டுதான் போனது. வேறு ரோட்டா தடுப்பூசிகள் இந்தியச் சந்தையில் இருந்தபோது இது நியாயமா என்று விவாதம் எழுந்தது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அவை அன்று இல்லை என்பது ஆய்வை ஆதரித்தவர்களின் பதில். குலுக்கல் என்று சொல்லி முடித்துவிட்டால் தாய்க்கு இந்த வாதம் காதிலேயே விழாது.

இத்தனைக்கும் நடுவில் நான் தைரியமாகச் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு. 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.' எல்லாப் படிவத்திலும் இருக்கும். மாத்திரை ஆய்வில் அது பெரும்பாலும் உண்மை. நாளை முதல் மாத்திரையை நிறுத்தலாம், மிச்சமிருக்கும் ரத்த மாதிரியை அழிக்கச் சொல்லலாம். இன்று வரும் ஆய்வுகளில் அந்த வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு நடந்த மரபணுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நான் அதில் வேலை செய்தவன் இல்லை. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்து, பழைய மஜ்ஜையை மருந்தால் ஒழித்துவிட்டு, அவற்றைத் திரும்ப உடலில் ஏற்றுவார்கள். ஐந்து பேர், எல்லோரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் யாருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் மரபணுவைச் சுமந்து போவது லென்டிவைரஸ். எச்.ஐ.வி.யிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி உருவாக்கியது. 1986-ல் சென்னையில் ஆய்வாளர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது இதே வேலூர் சி.எம்.சி.யின் பரிசோதனைக் கூடத்தில்தான். எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டாலே நோயாளி பயந்து எழுந்துவிடுவார் என்று மறைக்கலாமா? கூடாது. அதைவிடக் கடினம் அடுத்த வாக்கியம். செல்களை ஏற்றிய பிறகு விலக வழியில்லை. பரிசோதனைக்கு வராமல் இருக்கலாம், உடலுக்குள் போனதைத் திருப்பி எடுக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவிலும் இதே முடிச்சு. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க 1,28,175 படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற நம் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. கண் டாக்டர் இல்லாத ஊருக்கு இதனால் வரும் பலனை மறுப்பதற்கில்லை. நாளை ஒருவர் வந்து "என் படம் வேண்டாம்" என்றால்? பெயரும் அடையாளமும் நீக்கிய குவியலில் எது அவருடையது என்று தேடவே முடியாமல் போகலாம். தேடி அழித்தாலும், அந்தப் படத்திலிருந்து மெஷின் கற்றுக்கொண்டதை மட்டும் பிரித்து அழிப்பது லேசில் நடக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் செயற்கை நுண்ணறிவுக்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டு, சம்மதத்தையும் தனியுரிமையையும் வலியுறுத்தியிருக்கிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து கண் பரிசோதனை முகாமுக்கு வரும் பெண்ணிடம் இதை நாலு வரியில் சொல்வது என்னைப் போன்றவர்கள் பாடு.

திரும்ப எடுக்க முடியாதது என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் ஷாப் கழிவு பாலாற்றங்கரையில் இறங்கி, கிணறுகள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சீர்செய்ய முடியாத கேடு வரக்கூடும் என்றால், அறிவியல் முழுதாக நிரூபிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆற்றுக்குச் சொன்ன அந்த நியாயத்தை ஒப்புதல் படிவத்துக்கும் கொண்டுவரலாம். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரிக்குப் பதிலாக, எதுவரை விலகலாம், எந்தக் கட்டத்துக்குப் பிறகு முடியாது, அதன் பிறகு உங்களைக் கவனிப்பது யார் பொறுப்பு என்று மூன்று வரி, முதல் பக்கத்திலேயே வர வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் சாதாரணக் குடிமகன் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த இருக்கையில் உட்காருபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இப்போதெல்லாம் விலக முடியாமல் போகும் அந்தக் கட்டத்தை முதலில் விளக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். கேட்டுவிட்டுச் சிலர், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போகிறார்கள். எல்லோரும் திரும்பி வருவதில்லை. மாதக் கடைசியில் ஆள் சேர்ப்புக் கணக்கு குறையும், மேலிருந்து கேள்வி வரும். வரட்டும். வந்தவர் எல்லோரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்த பதிவேட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.