பறை காயும் வரை

வடபழனியில் ஒரு தச்சுப் பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது, பேண்டுகள் ஒத்திகை பார்க்கும் அந்த ஜாம் ரூம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரெங்கும் கறுப்பு ஃபோம். ஒரு மூலையில் மட்டும் பழைய முட்டை அட்டைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரொலியைக் கொஞ்சம் உடைக்குமே தவிர சத்தத்தை நிறுத்தாது. ஆரம்பக் காலத்தில் கையில் காசில்லாமல் ஒட்டியது என்று அதைப் பிய்க்க மனமில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

புதிய பேண்டுகளைத் தேடி நான் முதலில் வருவது இந்த மாதிரி அறைகளுக்குத்தான். மேடையில் விளக்கும் கூட்டமும் சேர்ந்து சுமாரான பாட்டையும் தூக்கி நிறுத்திவிடும். இங்கே பாட்டு தன் காலில்தான் நிற்க வேண்டும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நீளமான கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்தான் எனக்கு வழிகாட்டி. நேரம் குறிப்பது, கேபிள் சுற்றுவது, புகைந்துபோன ஆம்பைப் பிரித்து வைத்து ஈயம் பற்றவைப்பது எல்லாம் அவர்தான். கதவு மூடியிருந்தாலும் எந்த பேண்டு தேறும் என்று அவருக்குத் தெரியும். “முதல் வாரம் எல்லாரும் வருவாங்க சார். நாலாவது வாரமும் அஞ்சு பேரும் சேர்ந்து வந்தாங்கன்னா அதுதான் பேண்டு” என்பார். அவர் சொல்லித்தான் அந்தச் சனிக்கிழமை போனேன்.

கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாடுவதற்கு ஒரு பெண், பறைக்கு ஒரு தம்பி. எல்லோருக்கும் இருபத்தைந்துக்குள்தான் வயது. ஆறு மணிக்கு அறை எடுத்திருந்தார்கள், ஆறே கால் வரை பாட்டு தொடங்கவில்லை. பறைக்காரத் தம்பி கீழே தெருமுனையில் இருந்தான். நானும் இறங்கிப் போனேன்.

பட்டறையில் வாங்கிய இழைப்புச் சுருளையும் நாலு செய்தித்தாளையும் கொளுத்தி, பறையைச் சாய்த்துப் பிடித்திருந்தான். வேப்பமரச் சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல். சென்னையின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், காய்ச்சினால்தான் விறைக்கும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் வெடித்துவிடும் என்பதால் சக்கரம்போலச் சுழற்றிக்கொண்டே இருந்தான். இடையிடையே விரலால் சுண்டிக் காதருகே வைத்துப் பார்த்தான். முதலில் ‘தொப்’. மறுபடி நெருப்பு. மறுபடி சுண்டல். நாலாவது தடவை கணீரென்று வந்தது. “பிளாஸ்டிக் தோல் போட்டா இந்த வேலையே இல்லைண்ணா. ஆனா இந்தக் குரல் வராது” என்றான். படி ஏறும்போது தோலில் கை வைக்கச் சொன்னான், சுட்டது.

அந்தச் சூடு தணிவதற்குள் பறைப் பாட்டுகளை முடித்தாக வேண்டும். அதனால் இவர்களுடைய பாட்டு வரிசையே நெருப்பை வைத்துத்தான். பறை முழங்குகிற இரண்டு பாட்டு முதலில், தோல் இறங்க இறங்க கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கும் மெதுவான பாட்டுகள்.

முதல் பாட்டில் சிக்கல் வந்தது. பறையின் சிண்டுக்குச்சி போடும் கூர்மையான அடியும் டிரம்ஸின் ஸ்னேர் அடியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பாடுகிற பெண்ணின் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. இரண்டு முறை நிறுத்தினார்கள். டிரம்ஸ் தம்பி எதுவும் பேசாமல் ஸ்னேர்மேல் துண்டைப் போட்டு, சிம்பலைத் தொடாமல், காலால் அடிக்கும் கிக் டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டான். மறுபடி தொடங்கியதும் பறை முன்னால் வந்தது, அடியில் பூமி மாதிரி கிக். பாட்டில் ஒரு சொல்கூட விழாமல் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த இடத்தில்தான் இவர்கள்மேல் நம்பிக்கை வந்தது.

இதே சிலிர்ப்பை 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் மைதானத்தில் உணர்ந்திருக்கிறேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் கச்சேரி அது. சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘சாதி இல்லாத தமிழர்கள்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். சாவு வீட்டோடு நிறுத்திவைக்கப்பட்ட வாத்தியங்கள் அன்று நடுமேடையில் நின்றன. இந்தப் பறைக்காரத் தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பான். இன்று அவனுக்கு யாரும் இடம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கவில்லை, பேண்டில் முதலில் சேர்ந்ததே அவன்தானாம்.

ஆனால் வயிற்றுப்பாடு வேறு. புதுப் பாட்டு என்றால் நம் ஊரில் முதல் கேள்வி “என்ன படம்?” என்பதுதான். ஓட்டல்களில் வாசித்தால் இளையராஜா, ரகுமான் பாட்டுகள்தான் கேட்கிறார்கள். ஓரிடத்தில் இவர்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கியதும் மேலாளர் வந்து பாதியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பாடுகிற பெண் இதைச் சொல்லும்போது மைக் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபமாக வந்தது. அந்தப் பாட்டை அன்று முழுசாகக் கேட்டேன். அவளுடைய பாட்டி பீச் ஸ்டேஷனில் மீன்கூடையோடு ரயிலேறும் பாட்டு. மூன்றாவது சரணத்தில் கிட்டார் நின்றுவிடுகிறது, ரயில் தாளத்தில் பேஸ் மட்டும் போகிறது. ஓட்டலில் இருந்தவர்கள் இழந்தது அந்த இடத்தைத்தான்.

எட்டு மணிக்கு அண்ணன் கதவைத் தட்டினார். ஐந்து பேரும் காசைப் பங்கு போட்டு ஜிபேயில் அனுப்பினார்கள். பறையில் மறுபடி கை வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது. அடுத்த சனிக்கும் அதே நேரம் வேண்டும் என்றார்கள். பேண்டுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று அண்ணன் கேட்க, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நோட்டைத் திருப்பி, ஆறு மணிக் கட்டத்தில், ‘பறை செட்’ என்று எழுதினார். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், ‘5.45க்கு மரச்சுருள் எடுத்து வைக்கணும்’.