நடு வரி

ஹூஸ்டன் நகர மையத்தில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் தரைத்தள உணவகத்தில், தூணை ஒட்டிய மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஜூன் மாத வெக்கை. உள்ளே போர்வை தேடும் குளிர்.

ஐந்து மேசைகளுக்கு ஒரே பெண் பரிமாறுகிறார். நாற்பதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் கறுப்பு ஏப்ரன், காலில் வழுக்காத ரப்பர் அடி வைத்த ஷூ. எந்த மேசையில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தடவைகூட வெறுங்கையோடு உள்ளே போகவில்லை. போகிற வழியில் ஒரு காலித் தட்டாவது கையில் ஏறிக்கொள்கிறது.

எதிர் மேசையில் மூன்று பேர். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மா, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு வைத்த அப்பா, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மகன். திருநெல்வேலிப் பேச்சு. நானும் தமிழ்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் தெரிவித்துக்கொள்ளவும் இல்லை.

பனிக்கட்டி மிதக்கும் தம்ளரை அந்த அம்மா விரலால் தொட்டுப் பார்த்துத் தள்ளி வைக்கிறார். மகன் வெந்நீர் கேட்கிறான். சின்னக் கெட்டிலில் ஆவி பறக்க வருகிறது, பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே இன்னொரு கெட்டில். பிறகும் ஒன்று. அம்மா தலையசைக்கிறார், அந்தப் பெண்ணும் தலையசைக்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, தேவைப்படவும் இல்லை.

ஜன்னலோரத்தில் ஒருவர், ஸ்டேக் அதிகம் வெந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார். அடுப்பில் நின்றவர் வேறு யாரோ. மன்னிப்புக் கேட்பவர் இவர். தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் போகிறார். சமையலறையின் பிழை இவர் கூலியில் போய் விடியலாம். இந்த நாட்டு டிப்ஸ் வழக்கத்தில் என் மனம் ஒப்பாத இடம் இதுதான்.

கூலி என்றுதான் சொல்ல வேண்டும், அன்பளிப்பு இல்லை. டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டியது மணிக்கு 2.13 டாலர். மத்தியச் சட்டத்தில் உள்ள இந்த எண் 1991லிருந்து அசையவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடையிலுள்ள 5.12 டாலரை, சாப்பிட வந்தவர் வைக்கும் காசிலிருந்து முதலாளி கணக்குக் காட்டிக்கொள்ளலாம். அந்தக் காசு போதாத வாரத்தில்தான் அவர் நிரப்ப வேண்டும். பழைய ஏற்பாடு இது. உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை புல்மன் கம்பெனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சொற்பச் சம்பளம், மிச்சம் பயணிகளின் மனசு. 1925இல் அவர்கள் சங்கம் அமைத்தபோது, டிப்ஸை நம்பிப் பிழைக்காத சம்பளம் வேண்டும் என்றும் கேட்டார்கள். பாரிஸில் மெனுவில் அச்சிட்ட விலைக்குள்ளேயே பரிமாறுவதற்கான தொகை அடங்கிவிடும். டோக்கியோவின் பெரிய ஹோட்டல்கள் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. இங்கே அது காலியாக விடப்பட்ட ஒரு கோடு.

எதிர் மேசைக்கு பில் வருகிறது. கார்டை வாங்கிப் போய், தேய்த்து, கறுப்பு ஃபோல்டரில் இரண்டு சீட்டோடு திருப்பி வைக்கிறார். மேல் வரியில் தொகை, கீழ் வரி கூட்டுத்தொகைக்கு. நடு வரி வெறுமை.

"140 டாலருக்குச் சாப்பிட்டிருக்கோம்," என்கிறான் மகன். "8.25 சதவீதம் வரி. மொத்தம் 151.55."

"பொறவு என்னத்த எழுதுத?"

"டிப்ஸ்ப்பா. வரிக்கு முந்தின தொகையில 20 சதவீதம். 28 டாலர்."

"ஏல, சாப்பாட்டுக்குத் துட்டு குடுத்தாச்சு. வரியும் புடிச்சுட்டான். இது எதுக்கு?"

மகன் குரலைத் தாழ்த்தி 2.13 என்ற எண்ணைச் சொல்கிறான். அப்பா நம்பவில்லை. "இவ்வளவு பெரிய ஓட்டல்ல, மணிக்கு ரெண்டு டாலரா?" என்று மறுபடியும் கேட்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அந்தக் கேள்வியில் கஞ்சத்தனம் இல்லை. வேலை வாங்குகிறவன்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஆயுசு முழுக்க நம்பியவரின் கேள்வி. அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நியாயத்தை 28 டாலரைக் கழித்து நிலைநாட்ட முடியாது. கழிந்தால் பரிமாறியவர் வயிற்றில்தான் கழியும். மேசை துடைப்பவருக்கும் பாரில் நிற்பவருக்கும் இரவில் அதிலிருந்துதான் பங்கு பிரிக்கிறார்கள்.

"அந்தப் பிள்ள மூணு தடவ வெந்நி கொண்டாந்துச்சுல்லா," என்கிறார் அம்மா. "அதுக்கு பில்லுல ஒண்ணும் போடல. எழுதுப்பா."

அப்பா எதுவும் சொல்லவில்லை. பேனா ஓடுகிறது.

அதுவரை அந்தப் பெண் இந்தப் பக்கம் முகம் திருப்பவே இல்லை. ஆளில்லாத மேசையில் உப்புக் குப்பியை நேராக வைக்கிறார். மறுபடியும் நேராக வைக்கிறார். மூவரும் எழுந்து, அம்மா அவர் முழங்கையை லேசாகத் தொட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகிறார்கள். அதன் பிறகே ஃபோல்டரை எடுத்து, திறக்காமல் ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு, தூணுக்கு அந்தப் பக்கமுள்ள பில் மெஷினுக்குப் போகிறார். அங்கே திறக்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

கூட்டம் குறைந்துவிட்டது. மூலையில் நின்று, நாளைக்கான முள்கரண்டியையும் கத்தியையும் வெள்ளை நாப்கினில் சுருட்டி அடுக்கத் தொடங்குகிறார். டிப்ஸ் வைக்க ஆளில்லாத வேலை. நாற்பதோ ஐம்பதோ சுருள்கள் சேர்ந்துவிட்டன. இடையில் ஒரு முறை ஒற்றைக் காலை ஷூவிலிருந்து பாதி உருவி, தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் நுழைத்துக்கொள்கிறார்.

என் மேசைக்கும் ஒரு கறுப்பு ஃபோல்டர் வருகிறது. அதன் மேல் பேனாவை வைத்துவிட்டு, அவர் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்கிறார்.