வெயிலும் உப்பும் கைப்பதமும்

காய்கறிகளை உப்பிட்டு வெயிலில் உலர்த்திப் பல மாதங்களுக்குக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம், அதாவது வற்றல் போடுதல், தமிழகம் முழுவதும் உண்டு என்றாலும், கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான கடலோரப் பகுதியில் அதற்கு நிலமும் பருவமும் சேர்ந்து ஒரு கட்டாயத்தை ஏற்படுத்தியிருக்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடுகிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலைச் சேரும் தாழ்நிலமாதலால், தோட்டங்களில் நீர் தேங்கிக் காய்வரத்து குறைகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும், 2015 இறுதியில் வந்த வெள்ளமும் இந்த இயல்பின் கடுமையான வடிவங்கள். அடைமழையில் குழம்புக்கு ஒரு கைப்பிடி வற்றல் வேண்டுமென்றால், அதற்கான வேலை சித்திரை, வைகாசி வெயிலிலேயே முடிந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்தின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் கத்தரிக்காய்க் கொத்சு, அதாவது வறுத்து அரைத்த மசாலாவும் புளியும் சேர்த்துச் செய்யப்பட்டு நடராசர் கோயிலின் சம்பா சாதத்தோடு பரிமாறப்படும் கூட்டு, காயை அன்றே சமைத்து அன்றே உண்ணும் முறையைச் சார்ந்தது. அதே கத்தரிக்காயை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் அரைவேக்காடாக எடுத்து, நீரை வடித்துப் பாயில் பரப்பினால் அது மழைக்காலத்து வற்றற்குழம்புக்கு உரியதாகிறது. கொத்தவரங்காய்க்கும் ஏறத்தாழ இதே முறைதான். கொதிநீர் காயிலுள்ள நொதிகளை, அதாவது நிறத்தையும் சுவையையும் மாற்றும் உயிர்வேதிப் பொருள்களை, செயலிழக்கச் செய்கிறது. உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரை வெயில் போக்குகிறது. உணவில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவை அறிவியலார் நீர்ச்செயல்திறன் என்பர். தூய நீருக்கு அது 1 எனக் கொண்டால், 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. எண்களை அறியாத பாட்டிமார், கையில் அள்ளிக் குலுக்கும்போது எழும் கலகலப்பைக் கொண்டும், தடித்த துண்டு ஒன்றை வளைத்தால் அது துவளாமல் ஒடிவதைக் கொண்டும் காய்ந்த பதத்தைக் கணித்தனர்.

பொறுமையை மிகுதியாகக் கேட்பது சுண்டைக்காய். காம்பு கிள்ளிய காய்களை அம்மிக்குழவியால் மெல்லத் தட்டி வாய்பிளக்கச் செய்து, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வடித்தெடுத்து வெயிலில் பரப்புகின்றனர். மாலையில் அவற்றை அதே மோரிலேயே மீண்டும் போட்டு, மறுநாள் மறுபடி எடுத்துக் காயவைத்து, மோர் முழுவதும் காய்க்குள் ஏறும்வரை தொடர்கின்றனர். பகலில் இழந்த நீருக்கு ஈடாக இரவில் புளிப்பும் உப்பும் உள்ளே செல்வதால் கசப்பு அடங்குகிறது. தட்டும் அடி ஓங்கினால் காய் சிதைந்து விதை கொட்டிவிடும். குறைந்தால் மோர் உள்ளே இறங்காது. இந்த அடியின் அளவை எந்தச் செய்முறைக் குறிப்பும் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து தட்டிப் பழகியவருக்கே அது வசப்படுகிறது.

கடலோர வெயிலுக்கு ஒரு குறை உண்டு. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால், காலையில் மொறுமொறுப்பாக இருந்த வற்றல் பொழுது சாய்வதற்குள் எடுக்கப்படாவிட்டால் நமத்துப்போகிறது. ஒருநாள் அசட்டையில் பூசணம் பிடித்து வாரம் முழுவதன் உழைப்பும் வீணாகலாம். ஆகவே இவ்வேலையில் ஈடுபட்ட குடும்பம் வானத்தையும் காற்றையும் காயையும் ஒருசேரக் கவனித்தாக வேண்டியிருக்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி எனத் தனியே எதையும் மேற்கொள்ளாமலே, வேலையின் தேவை அந்த ஒருமுகப்பாட்டை உண்டாக்கிவிடுகிறது. கோடை விடுமுறையிலிருக்கும் பிள்ளைகள் மொட்டைமாடியில் காக்கைக்குக் காவலிருக்கின்றனர். அவர்கள் அசந்தாலும் காக்கை அஞ்சட்டும் என்று பக்கத்தில் கறுப்புக் குடை ஒன்று விரித்து வைக்கப்படுகிறது. காய் அரிவது ஒருவர், மோரின் புளிப்பைச் சுவைத்துப் பார்ப்பது மற்றொருவர், ஜாடியில் நிரப்புவது வேறொருவர் எனப் பணி பிரிகிறது. சற்றுத் தொலைவிலுள்ள மீனவக் குப்பங்களில் கருவாடு காய்வதும் இதே உப்பையும் வெயிலையும் நம்பித்தான்.

குளிர்காலத்திற்கு முன் குடும்பங்களும் அண்டை வீட்டாரும் கூடிக் கிம்ச்சி எனும் புளித்த காய்கறி உணவைத் தயாரித்துப் பகிரும் கொரிய வழக்கமான கிம்ஜாங், 2013இல் யுனெஸ்கோவின் மானுட அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே போற்றப்பட்டது உணவுப் பொருளைக் காட்டிலும் கூடிச் செய்தலும் பகிர்தலுமே. வற்றல் போடும் வீடுகளிலும் முதல் ஈடு காய்ந்தவுடன் சம்பந்தி வீட்டுக்கும் வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கும் பொட்டலம் கட்டி அனுப்பும் பழக்கம் அந்த வகையைச் சேர்ந்ததே.

இம்மரபைப் போற்றுவோர் அதன் சுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உச்சிவெயிலில் மாடிப்படி ஏறி இறங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குடும்ப வழக்கம் என்ற பெயரில் அந்த உழைப்பு ஒருவர் தோளிலேயே விழுந்த வீடுகள் பல. உப்பு மிகுந்த உணவாதலால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டியதும் உண்மை. வற்றல் இன்று கடையில் பொட்டலமாகக் கிடைப்பதால், வீட்டில் போட வேண்டிய பழைய கட்டாயம் தளர்ந்துவிட்டது. கட்டாயம் தளர்ந்த பின்னும் இவ்வேலை நிலைக்க வேண்டுமானால், அரிவதையும் காவலிருப்பதையும் மாலையில் அள்ளுவதையும் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பதம் அறிந்த கை ஒன்றே இருக்கும் வீட்டில், அந்தக் கை ஓய்ந்ததும் வழக்கமும் ஓய்ந்துவிடுகிறது.