மூணாவது மரம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. ஒரு காலத்தில் குளியலறையாக இருந்ததுதான் இப்போது டார்க்ரூம். சன்னல் கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட், கதவிடுக்கில் பழைய கம்பளி. சிவப்பு விளக்கடியில் பெரியவர் டெவலப்பர் கலக்குகிறார். சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, சூட்டை 20 டிகிரிக்கு இறக்க ட்ரேயைச் சுற்றி ஐஸ்கட்டி அடுக்குவாராம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது. இங்கே வெந்நீர் விட வேண்டியிருக்கிறது.

என்லார்ஜரில் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழி. மிளகுக்கொடி சுற்றிய மூன்று சில்வர் ஓக் மரங்கள், பின்னால் பனி. முழுப்படத்துக்கும் வெளிச்சம் கொடுத்து முடித்ததும் முன்னால் நிற்கும் மரங்களை உள்ளங்கையால் மறைத்து, பனிக்கு மட்டும் இன்னும் சில விநாடி கொடுக்கிறார். கை நிற்காமல் அசைகிறது. ஒரே இடத்தில் நின்றால் தாளில் கோடு விழுந்துவிடும். ட்ரேயில் முன் மரங்கள் முதலில் கறுத்து வருகின்றன. பனி கடைசியாகத்தான் சாம்பல் பூசிக்கொள்கிறது. ஹைப்போவில் கிடந்த பிறகே வெள்ளை விளக்கு. ஈரத்தில் சரியாகத் தெரிகிற படம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதற்கு இடம் விட்டே எடுத்திருக்கிறார்.

தாள் இங்கிலாந்திலிருந்து வரும் இல்ஃபோர்ட். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ தாள் இருந்தவரை இவ்வளவு யோசித்து வெட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆலை மூடப்பட்டது தமிழ்நாட்டு டார்க்ரூம்களுக்குப் பெரிய இழப்பு.

கூடத்தில் பேத்தி. அதே நெகட்டிவை ஸ்கேன் செய்து, பனி இருக்கும் இடத்தைத் திரையில் பேனாவால் வளைத்து எடுத்திருக்கிறாள். கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளும் உள்ள இங்க்ஜெட். முதலில் நாசில் செக். ஒரு கோடு விட்டுப்போகிறது. சுத்தம் செய்ய விட்டால் விலையுயர்ந்த மை வீணாக வடிகிறது. வாசல் வழியே பனி வருவதைப் பார்த்ததும் தாள் பெட்டியை மூடுகிறாள். ஈரம் ஏறினால் தாள் சுருளும். ஆனால் அவளுக்கு வேலை ஒரு தடவைதான். பத்தாவது பிரிண்டும் முதலாவதைப் போலவே வரும். தாத்தாவின் இரண்டாவது பிரிண்டில் கை வேறு மாதிரி அசைந்திருக்கும்.

காய்ந்த பிறகு இரண்டையும் சன்னலோரம் வைக்கிறார்கள். நேராகப் பார்த்தால் பேத்தியின் பரைட்டா தாளில் கறுப்பு ஒரு இம்மி ஆழம். டார்க்ரூம்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாய்த்தால் மை தாளின் மேல் உட்கார்ந்திருப்பது பளபளப்பில் தெரிகிறது. வெள்ளித் துகளோ ஜெலட்டினுக்குள் இருக்கிறது. கறுப்பை வைத்து இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மலைப்படத்தின் உயிர், வெள்ளைக்குச் சற்றுக் கீழே நிற்கும் சாம்பலில் இருக்கிறது. அங்கே பேத்தி ஜெயித்திருக்கிறாள். அவள் தாளில் பனிக்குள் மூன்றாவது மரம் கிளை கிளையாகத் தெரிகிறது.

“உங்க படத்துல மூணாவது மரம் எங்க தாத்தா?”

“பனிக்குள்ளதான் இருக்கு கண்ணு.”

சொல்லிவிட்டாரே தவிர, பார்வை அவள் பிரிண்டை விட்டு நகரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி டார்க்ரூமுக்குள் போகிறார். புதுத்தாளில் ஒரு பட்டை கிழித்து, அந்த மரம் விழும் இடத்தில் வைத்து, மூன்று மூன்று விநாடியாக வெளிச்சம் கூட்டிப் பார்க்கிறார்.